நான் கீறல் என்று சொன்ன கோடு

இரண்டு வருடத்துக்கு முன்பு, கார்த்திகை தீபத்தன்று இரவு, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரம் கொட்டி வைத்திருக்கும் பாறாங்கற்களின் மேல் தொடங்கியது இது. நடந்தது என்று சொல்வதைவிட நான் செய்தது என்று சொல்வதுதான் சரி. என்னைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். நான் பத்தாவது வரைதான் படித்தேன். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெரிய பெரிய குழாய்களை வெல்டிங் செய்து சேர்ப்பார்கள். வெல்டிங்குக்குள் விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. அதனால் மனிதர்களுக்கு எடுப்பதுபோல அதற்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். எங்கள் கம்பெனிக்கு அதுதான் தொழில். வெளியே போய்ப் படம் எடுத்து வருபவர்கள் வேறு. அந்த ஃபிலிமை இருட்டறையில் கழுவி, காயவைத்து, விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, இது விரிசல், இது விரிசல் இல்லை என்று எழுதித் தருவது நான். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை.

விரிசல் என்றால் ஃபிலிமில் கறுப்புக் கோடாக விழும். கழுவுவதற்கு முன்னால் ஃபிலிம் எங்காவது உரசிவிட்டாலும் அதேபோலக் கறுப்புக் கோடு விழும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஃபிலிமைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு முன்னால் சாய்த்துப் பார்க்க வேண்டும். உரசல் என்றால் மேலே பளிச்சென்று மின்னும். படத்துக்குள் இருக்கும் கோடு எப்படிச் சாய்த்தாலும் மின்னாது. என் சோறே இந்தச் சாய்த்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

வெளிவேலைக்குப் போகிறவர்களில் ஒருவன்தான் என் கூட்டாளி. ராயபுரத்துக்காரன். என் வயதுதான். அவன் கேன்டீனுக்குள் வந்தால் கேன்டீன் சிரிக்கும். எந்தத் தொழிற்சாலை வாசலிலும் காவலாளி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் முதலாளி அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசுவார். என்னைப் பார்த்தால், "ஃபிலிம் ரெடியா?" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அவன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதனாலேயே பொறாமை இன்னும் அதிகமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கென்று ஒன்றே ஒன்று வைத்திருந்தேன். மூர்மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா. போனில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது ஃபிலிம்தான். விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்து, கம்பெனி இருட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் கழுவிக்கொள்வேன். முதல் ரோலை நான் கெடுத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் தைரியமாகப் பிரிக்கலாம். அந்தப் பழக்கத்தில் கேமரா ஃபிலிமையும் சிவப்பு விளக்கில் பிரித்துவிட்டேன். அதற்குச் சிவப்பு வெளிச்சமும் ஆகாது; வெளிச்சம் பட்ட இடமெல்லாம் ஃபிலிமில் கறுப்பாகிவிடும். முழு ரோலும் கரிக்கட்டை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் எக்ஸ்ரே ஃபிலிம்களுக்கு நடுவில் என் கேமரா ஃபிலிம் தொங்குவதை அவன் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமு, இது எந்த பைப்பு? அலை அடிக்குது?"

அடுத்த வாரமே, மாதா கோயில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த தன் மாமாவின் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "எனக்கும் கத்துக் குடு நைனா." மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. கற்றுக்கொடுத்தேன். இரண்டே மாதத்தில் அவன் படங்கள் கேன்டீனில் கை மாறிக்கொண்டிருந்தன. அவன் ஆட்களை எடுத்தான். ஆட்களுக்குத் தங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கும். நான் எடுத்ததெல்லாம் கல், கடல், தூரத்தில் நிற்கும் கப்பல். யார் கேட்பார்கள்? என்னிடம் இருந்த ஒன்றும் அவனுடையதாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் படங்களைப் பார்த்த முதலாளி, அந்த வருடப் புதுவருடக் காலண்டருக்கு நம் ஆட்கள் எடுத்த படத்தையே போடலாம் என்றார். சொல்லும்போது பார்த்தது அவனைத்தான். அவனோ என் பக்கம் கை காட்டினான். "நம்ம ஆளு என்ன வுட சூப்பரா எடுப்பாரு சார். எனக்கே குரு அவருதான்." முதலாளி அப்போதுதான் நான் அங்கே நிற்பதைக் கவனித்தார். "சரி, ரெண்டு பேரும் குடுங்க. நல்லா இருக்கறதைப் போட்டு, கீழே பேரும் போட்டுடலாம்."

என் பெயர். எல்லா அலுவலகச் சுவரிலும், வருடம் முழுவதும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் நடுவில் எரிநட்சத்திரங்கள் அதிகமாக விழும் என்று பேப்பரில் படித்திருந்தேன். கடல்மேல் ஒன்று விழும்போது பிடித்துவிட்டால் அதைவிட நல்ல படம் இருக்காது. ஆனால் அந்த வருடம் அது கார்த்திகைப் பௌர்ணமியோடு சேர்ந்து வந்தது. நிலா வெளிச்சத்தில் கேமராவை அதிக நேரம் திறந்து வைத்தால் வானமே வெளுத்து, ஃபிலிம் முழுக்கக் கருத்துவிடும். நான் கணக்குப் போட்டேன். ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி கூடாது. ஆளுக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம். அவனிடமும் கணக்கைச் சொன்னேன். மறைத்திருக்கலாம். அவன் கேட்டான், சொன்னேன். அவ்வளவுதான்.

வீட்டில் விளக்கு ஏற்றி, பொரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மழை விட்டு வானம் கழுவினதுபோல இருந்தது. மீனவர் குடியிருப்பில் வாசல்தோறும் அகல் எரிந்தது. வடக்கே எண்ணூர் புகைக்கூண்டுகளின் சிவப்பு விளக்குகள். கற்களெல்லாம் நிலவில் சுண்ணாம்பு அடித்ததுபோலத் தெரிந்தன. நான் ஸ்டாண்டை நிறுத்தி, கடலைப் பார்த்துக் கேமராவைப் பொருத்தி, தொண்ணூறு வரை எண்ணி எண்ணி மூடினேன். அவன் ஒரு துண்டைச் சுருட்டி இரண்டு கற்களுக்கு நடுவில் வைத்து, அதன்மேல் கேமராவை மல்லாக்கப் படுக்கவைத்தான்.

"எவ்ளோ நேரம் மாமு?"

"தொண்ணூறு எண்ணு."

"நானு முப்பது தாண்டுனா மறந்துடுவேன்ப்பா. நீயே எனக்கும் சேத்து எண்ணிக்கோ."

பேசிக்கொண்டே இருந்தான். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இடையில் ஒன்றிரண்டு சின்னக் கீற்றுகள் தலைக்குப் பின்னால் போயின. எதுவும் கேமராவுக்கு நேராக இல்லை.

என் இருபத்தைந்தாவது படம். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. மூடினேன். அடுத்த படத்துக்காக ஃபிலிமை நகர்த்தக் கட்டைவிரலை வைத்தேன். அப்போதுதான் அது விழுந்தது. உச்சியிலிருந்து வடகிழக்கே, பச்சையும் வெள்ளையுமாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. நிலா வெளிச்சத்தையும் மீறி அலை ஒரு தரம் பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"மாமு! பாத்தியா? யம்மாடி! உன்னுது தொறந்து கீதா?"

"மூடிட்டேன்."

"ஐயோ. என்னுது?" குனிந்து பார்த்தான். "நானு மூடவே இல்ல நைனா! டீ ஊத்திகினு இருந்தேன். அஞ்சு நிமிசமா தொறந்தே கீது!"

சட்டென்று நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தான். "விழுற நட்சத்திரத்த பாத்தா உடனே பச்ச மரத்த பாக்கணும்னு எங்கம்மா சொல்லும். இங்க மரத்துக்கு எங்க போவுறது?" தெற்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு பச்சை விளக்கு தெரிந்தது. அதைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "அதுவும் பச்சதான். போதும்."

நான் சிரிக்கவில்லை. அவன் கேமரா படுத்திருந்த பக்கம்தான் அது விழுந்ததா, படத்தின் சட்டத்துக்குள் வந்திருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் திறந்து இருந்திருக்கிறது, எல்லாம் கருத்துப்போயிருக்கும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவன் வெளிவேலைக்குப் போயிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு ரோலையும் ஒன்றாகவே கழுவினேன். காய்ந்ததும் என்னுடையதை முதலில் விளக்குப் பெட்டியில் வைத்தேன். சுத்தமான படங்கள். கல், அலை, கடலில் காத்து நிற்கும் கப்பல்களின் விளக்கு எல்லாம் நான் நினைத்ததுபோலவே. நட்சத்திரம் விழுந்த படம் ஒன்றுகூட இல்லை.

அவனுடையது பாதிக்குமேல் கருத்திருந்தது. நான் நினைத்தபடி முழுதாகக் கருத்துப்போகாத ஒன்றில், சாம்பல் நிறத்துக்கு நடுவே, மூலையிலிருந்து குறுக்காக, ஒரு கறுப்புக் கோடு. இரண்டு முனையும் ஊசிபோல மெலிந்து, நடுவில் பருத்து இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். மின்னவில்லை. எத்தனையோ ஆயிரம் கோடுகளைப் பார்த்தவன் நான். அவ்வளவு அழகான கோட்டை அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் கணக்குப் போட்டேன். அவன் டீ குடித்தான். அவனுக்கு விழுந்திருக்கிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கையில் ஹெல்மெட்டோடு நேராக என்னிடம் வந்தான். "இன்னா மாமு, மாட்டிச்சா?"

நானே அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்தேன். எப்போதும் திக்கும் என் வாய் அன்று எண்ணெய் போட்டதுபோல ஓடியது. "அது சட்டத்துக்கு வெளியே போயிடுச்சுப்பா. இது நட்சத்திரம் இல்ல. கழுவறதுக்கு இருட்டுல ரீல்ல ஏத்தும்போது உரசிட்டேன். என் கைதான். தப்பு என்மேலதான்."

தப்பை என்மேல் போட்டுக்கொண்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது எனக்கு அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ, இன்றும் தெரியவில்லை.

அவன் பெட்டியைப் பார்த்தான். ஃபிலிமைக் கையில் எடுக்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தான். "போனா போவுது வுடு. வானம் எங்கியும் ஓடிடாது, அடுத்த வருசம் எடுத்துக்கலாம். இதுக்குப் போயி மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? வா, டீ அடிக்கலாம். அத தூக்கிப் போடு."

தூக்கிப் போடவில்லை. எக்ஸ்ரே ஃபிலிம் வைக்கும் காக்கி உறையில் போட்டு மேசை இழுப்பறையின் அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்றும் தெரியவில்லை.

நிலவில் எடுத்த என் கற்களின் படத்தை முதலாளி தேர்ந்தெடுத்தார். கேன்டீனில் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது அவன்தான்.

நாலு நாள் கழித்து மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரச்சினை. ஒரு குழாய் வெல்டிங்கில் விரிசல் என்று நான் எழுதியிருந்தேன். அங்கிருந்த இன்ஜினியர் ஏற்கவில்லை. நேரில் வந்து விளக்கச் சொன்னார். அவன்தான் பைக்கில் என்னை அழைத்துப் போனான்.

"இது விரிசல் இல்லை. உங்க இருட்டறையில விழுந்த உரசல்," என்றார் இன்ஜினியர். "இதுக்காக முடிஞ்ச வேலையை என்னால வெட்ட முடியாது."

நான் ஃபிலிமை எடுத்துச் சாய்த்துக் காட்டினேன். கை நடுங்கியது. மின்னவில்லை என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"உங்க தப்பை மறைக்க விரிசல்னு எழுதிட்டீங்க. அதான் இப்படி நடுங்கறீங்க," என்றார்.

என் கூட்டாளி முன்னால் வந்தான். "சார், ஒரு நிமிசம். எல்லாருகிட்டயும் இப்டிதான் நடுங்குவாரு. பயந்த சுபாவம். ஆனா இந்தாளு தப்ப மறைக்கற ஆளு இல்ல சார். போன வாரம் என் படம் ஒண்ணு இவரு கையில கீறிடுச்சி. எனக்கு ஒண்ணும் தெரியாது. நட்சத்திரம்னு சொல்லிருந்தா நம்பிட்டு போயிருப்பேன். தானா ஒத்துகினாரு சார், என் கைதான், என் தப்புதான்னு. இவரு கீறல்னா கீறல். விரிசல்னா விரிசல். நீங்க வெட்டிப் பாருங்க. இல்லன்னா என்ன கேளுங்க."

இன்ஜினியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதையும் அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மனதாக வெல்டிங்கைக் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். தேய்த்த இடத்தில் சாயம் விட்டுப் பார்த்தபோது சிவப்பு நூல்போல விரிசல் தெரிந்தது. "நான் சொல்லல?" என்று அவன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். வலித்தது.

திரும்பும்போது கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "போனதும் டார்க் ரூமுக்கு வா. ஒண்ணு காட்டணும்."

"இன்னா மாமு, பொண்ணு பாக்கக் கூப்புடுற மாதிரி கூப்புடுற?"

இருட்டறைக் கதவைச் சாத்திவிட்டு இழுப்பறையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். "இது கீறல் இல்லப்பா. நான் பொய் சொல்லிட்டேன். உனக்கு விழுந்துச்சு, எனக்கு விழல. பொறுக்கல." இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவன் ஃபிலிமை வெளியே எடுத்தான். விளக்குக்கு முன்னால் இந்தப் பக்கம் சாய்த்தான். அந்தப் பக்கம் சாய்த்தான். மின்னவில்லை. 

"அன்னிக்கே நானு இப்டி சாய்ச்சுப் பாத்துருக்கலாம் இல்ல?"

தலையாட்டினேன்.

"பாக்கத் தோணல," என்றான். ஃபிலிமை உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் முதலாளியிடம் ஓடினேன். அவன் படம் ஒன்று கிடைத்திருக்கிறது, என்னுடையதைவிட நல்ல படம், அதைப் போடுங்கள் என்றேன். காலண்டர் அச்சாகிவிட்டது என்றார். "இவ்வளவு பெருந்தன்மை ஆவாதுப்பா," என்று முதல்முறையாக என் தோளில் கை போட்டார். மிச்சத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இருபது வருடம் நான் ஏங்கிய கை அது. எப்போது எடுப்பார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவன் என்னை மாமு என்று கூப்பிடவில்லை. 'சார்' என்றான். "சார், ஃபிலிம் வெச்சிருக்கேன்." "சார், ரிப்போர்ட் ரெடியா?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் கேக் அந்த வருடம் வரவில்லை. மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன். "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

காலண்டர் கட்டுகள் வந்து இறங்கிய அன்று இருட்டறைக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். ஒரு கையில் காலண்டர், இன்னொரு கையில் சுத்தியல், வாயில் ஆணி. அவன்தான். ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

"அன்னிக்கி எங்கிட்ட வந்து பாவசங்கீர்த்தனம் சொன்ன இல்ல? நானு இன்னா பாதரா? ஆனா சொல்லிட்ட. பாவத்த ஒத்துகினா அபராதம் உண்டு. எங்க கோயில்ல பத்து மங்கள வார்த்த ஜெபம் சொல்லச் சொல்வாங்க. உனக்கு அது தெரியாது. அதனால இந்தா." ஃபிலிம் கழுவும் தொட்டிகளுக்கு நேர் எதிரே, நான் நிற்கும்போது கண்ணில் படாமல் இருக்கவே முடியாத இடத்தில், ஆணி அடித்துக் காலண்டரை மாட்டினான். "வருசம் பூரா உம்பேர பாத்துகினே வேல செய்யி."

வாசலில் நின்று திரும்பினான். "அப்புறம், அந்த நட்சத்திரத்த பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடு மாமு. நீயே போடு. வேற எவன் போட்டாலும் அவ்ளோ நல்லா வராது."

போட்டுக் கொடுத்தேன். மூன்று பிரிண்ட் போட்டு, அதில் சிறந்ததைக் கொடுத்தேன். அவன் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறான். போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் அதைப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

அந்த வருடம் முடிந்து அடுத்த காலண்டரும் வந்துவிட்டது. இருட்டறையில் பழையதை நான் இன்னும் கழற்றவில்லை. சிவப்பு விளக்கில் என் பெயர் சரியாகத் தெரியாது, ஆனால் இருக்கும் இடம் தெரியும். யாராவது ஒரு கோட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டால், ஃபிலிமை ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறேன். பிறகு அந்தப் பெயரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.